யார் இந்த வீட்டுத் தலைச்சன்

தலைச்சன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. போன வருஷம் வைகாசியில் அந்த ஒரு சொல் என் வீட்டுக்குள் புகுந்துகொண்டு ஆட்டிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. அர்த்தம் தெரியாதவர்கள் நம் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு தாய் வயிற்றில் முதலில் பிறந்த பிள்ளை தலைச்சன். பையன் என்றாலும் தலைச்சன், பெண் என்றாலும் தலைச்சன். மாடு முதல் கன்று போட்டால் அது தலையீத்து. கல்யாணமாகி வரும் முதல் தீபாவளி தலைதீபாவளி, முதல் பிரசவம் தலைப்பிரசவம். எது முதலில் வந்தாலும் அதற்கு ஒரு தலையை ஒட்டவைத்துக் கொண்டாடுவது நம் வழக்கம். கொண்டாடிவிட்டுப் போகட்டும். கொண்டாடத் தெரிந்தவர்களுக்கு அதை வைத்து மனிதர்களை வதைக்கவும் தெரிந்திருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் என் அம்மாவுக்கு மூன்றாவது. மூன்றாவதுக்கு எந்தப் பட்டமும் கிடையாது, எந்த விதியும் கிடையாது. பழைய பாவாடை உண்டு, அவ்வளவுதான். அதனால் இந்தத் தலைச்சன் விவகாரம் எல்லாம் என்னைத் தீண்டாது என்றே ஐம்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு அப்படி நினைத்தது என் புத்திக் குறைச்சல். கோயிலில் தீர்த்தம் யாருக்கு முதலில், கல்யாணப் பந்தியில் எந்த வரிசைக்கு முதலில் இலை என்று எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிற ஊர் இது. பிள்ளை விஷயத்தில் மட்டும் சும்மா விடுவார்களா?

எனக்கு ஒரு மகள், ஒரு மகன். மகன் சென்னையில் படிக்கிறான், அவன் இந்தக் கதையில் வரமாட்டான், அவனைப் பொறுத்தவரை வீடு என்பது ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. மகள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலையில் கம்பெனி வேனில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். கணவர் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறார். முன்னறை முழுக்கத் தறி, பின்னறையில் நாங்கள். நான் குச்சு கட்டுகிறேன். பட்டுப் புடவை முந்தானையின் நுனியில் நூல் நூலாகத் தொங்குமே, அதைப் பிரித்து முடிச்சுப் போட்டு மணி கோத்துக் கொடுக்கிற வேலை. கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்கும், அதனால் புடவை கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் வீட்டுக் கதையைக் கொட்டிவிட்டுத்தான் போவார்கள். அப்படி ஒருத்தி கொண்டுவந்த சேதிதான் பிள்ளையார்பாளையத்துப் பையன்.

பையன் நல்ல பையன். எங்கள் ஆட்கள், நெசவுக் குடும்பம், ஆனால் அவன் பேங்கில் வேலை. ஜாதகம் பொருந்தியது. இரண்டு பேரும் பார்த்தார்கள், பிடித்திருந்தது. போனில் பேச விட்டோம். ஒரு மாதம் பேசினார்கள். என் மகள் சிரித்துக்கொண்டே பல் தேய்ப்பதை அந்த மாதம்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆவணியில் கல்யாணம், அதற்கு முன்னால், இதோ வருகிற வெள்ளிக்கிழமையே, பூ வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

புதன்கிழமை சம்பந்தி அம்மா போன் செய்தார். எத்தனை பேர் வருவார்கள், புடவை என்ன நிறம் என்றெல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஆமா, பொண்ணு தலைச்சன் தானா?"

எனக்கு என்ன தெரியும்? பெருமை பிடிபடாமல் பதில் சொன்னேன். "ஆமாங்க, தலைச்சன்தான். மகாலச்சுமியாட்டம் மொதல்ல பொண்ணா பொறந்துச்சு, அதுக்கப்புறம்தான் பையன்."

"எங்க புள்ளையும் தலைச்சனாச்சே" என்றார். "ஜாதகம் பாத்தோம், இதக் கேக்க உட்டுட்டோம் பாருங்க. தலைச்சனுக்குத் தலைச்சன் ஆவாதும்மா. வெள்ளிக்கிழமை வேணாம். நான் அப்புறம் சொல்றேன்."

போனை வைத்துவிட்டார். நான் கையில் பாதி முடிச்சோடு உட்கார்ந்திருந்தேன்.

கோபத்தில் அவரை அன்று என்னவெல்லாமோ திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அவருடைய சொந்த அண்ணன் தலைச்சன், கட்டிக்கொண்டு வந்தவளும் தலைச்சன், கல்யாணமான ஒன்பதாவது மாதம் அந்த அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து செத்துப்போனார் என்று. பயந்த மனுஷி. பயந்தவர்களைத் திட்டிக்கூடத் தீர்த்துக்கொள்ள முடியாது, அது இன்னொரு எரிச்சல். பைக்கில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் அதற்கு அந்தப் பெண் அவள் அம்மாவுக்கு எத்தனையாவது பிள்ளை என்பதா காரணம்? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

மகளிடம் சொன்னேன். "லூசாம்மா அவங்க?" என்று கேட்டாள். அதோடு சரி. மறுநாள் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தாள். பையன் அம்மாவை மீறமாட்டேன் என்று சொல்லவில்லை, அம்மாவைச் சம்மதிக்க வைக்கிறேன், கொஞ்சம் பொறு என்று சொன்னானாம். அம்மாவை அழவைத்துக் கட்டிக்கொள்கிற கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று இவள் சொல்லிவிட்டாளாம். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. காலையில் வெறும் முகத்தோடு பல் தேய்த்துக்கொண்டு நின்றதைத்தான் பார்க்க முடியவில்லை.

என் கணவரிடம் போனேன். அவர் தறியில் உட்கார்ந்திருந்தார். "ஏங்க, எதுனா பேசுங்களேன்" என்றேன். "இன்னா பேசுறது" என்றார். ஊடை நூலோடு தறி நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடிற்று. அவ்வளவுதான் பேச்சு. அந்த மனிதரோடு இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன், மொத்தமாகப் பேசியதைச் சேர்த்தால் ஒரு சனிக்கிழமை மதியத்துக்குக் காணாது. பேசமாட்டார், ஆனால் பிடிவாதம் மட்டும் மலை மாதிரி.

அவருடைய பிடிவாதத்துக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முற்றம் உண்டு, பாத்திரம் துலக்க, துணி காயப்போட. நாலு வருஷத்துக்கு முன்னால் அதற்கு சிமெண்ட் போட்டோம். எல்லா இடத்துக்கும் போட்ட கொத்தனாரிடம் மதில் ஓரமாக ஒரு பாய் விரிக்கிற அளவு மட்டும் மண்ணாகவே விடச் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டால், "நந்தியாவட்டை இருக்குது இல்ல" என்றார். அதைத் தொட்டியில் வைக்கலாமே என்றால், "தொட்டியில வராது" என்றார். மழைக் காலத்தில் அந்த ஒரு பாய் அகலத்துச் சேறு என் சமையலறை வரை நடந்து வரும். துடைத்துத் துடைத்து என் இடுப்புதான் போயிற்று. பாத்திரம் கழுவிய தண்ணீரை அங்கே ஊற்றாதே என்று வேறு சொல்லுவார். அப்படிச் சொன்னதாலேயே, கோபம் வருகிற நாளெல்லாம் வேண்டுமென்றே எச்சில் தண்ணீரை அங்கேதான் கொட்டினேன். கொட்டிய சத்தம் கேட்டு எழுந்து வருவார். ஒன்றும் சொல்லாமல் குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து அதன்மேல் ஊற்றிவிட்டுப் போவார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் சம்பந்தி வீட்டில் நியாயம் பேச முடியுமா?

நாலாம் நாள் என் நாத்தனார் வந்தார். என் கணவருக்கு மூத்த அக்கா. இந்த வீட்டில் எந்தக் காரியத்துக்கும் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அவருடையதுதான், நடுவில் இருக்கிற வேலை எல்லாம் என்னுடையது. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாமா, உனக்கு அறிவு இருக்குதா? பொண்ணு தலைச்சன்னு நீயே வாயால சொல்லிக்கினு உக்காந்துக்கினு இருக்கியே. இவளுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணு ஆச்சே, அது இன்னா?"

மகள் காபி கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள்.

இப்படித்தான் என் மகளுக்குத் தெரியவந்தது. நான் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டிய விஷயம். காபி டம்ளருக்கும் பிஸ்கட் தட்டுக்கும் நடுவில் விழுந்தது.

ஆமாம், ஒன்று ஆயிற்று. கல்யாணமான மறுவருஷம். பெண் குழந்தை. தாமலில் என் அம்மா வீட்டில் இருந்தேன், வலி எடுத்து காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வலிப்பு வந்து நினைவு போய்விட்டது. இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. வயிற்றுக்குள்ளேயே போயிடுச்சு என்று சொன்னார்கள். சொன்னவர் இதே நாத்தனார்தான். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். "ஆத்தங்கரையில. அத்தெல்லாம் கேக்கக் கூடாது" என்றார். மூன்று மாதம் தாமலில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் குழந்தையைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அபசகுனமாப் பேசாத. அதக் கணக்குல சேக்காத. இனிமே பொறக்கறதுதான் உனக்குத் தலைச்சன்" என்று சொல்லி அடக்கினார். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. அடங்கிவிட்டேன். மறுவருஷம் மகள் பிறந்தாள். தலைச்சன் என்று ஊரே சொல்லிற்று. நானும் சொன்னேன்.

இப்போது அதே வாய், அதே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, கணக்கில் சேர்த்துக்கொள் என்கிறது.

"அண்ணி, அன்னிக்கு நீங்கதானே சேக்காதன்னு சொன்னீங்க" என்றேன்.

"அன்னிக்கு அன்னிக்கு. இன்னிக்குக் கல்யாணம் நிக்குது இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த மணி டப்பா கவிழ்ந்து கூடம் முழுக்க உருண்டது. பொறுக்கவும் இல்லை. இருபத்தாறு வருஷம் அந்தக் குழந்தைக்கு ஒரு விளக்கு கிடையாது, ஒரு பேர் கிடையாது, பேச்சில்கூட இடம் கிடையாது. இப்போது ஒரு காரியம் ஆகவேண்டும் என்றதும் அதைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, வரிசையில் முதலில் நில்லு என்கிறார்கள். நான் மாட்டேன் என்றேன். என் பெண்ணின் கல்யாணத்துக்கு என் பெண்ணை விற்க மாட்டேன் என்றேன். சொன்ன பிறகுதான் இரண்டு பேருமே என் பெண்தான் என்பது உறைத்தது.

நாத்தனார் என்னைக் கேட்டுக்கொண்டா செய்வார்? தெருமுனை தாண்டுவதற்குள் சம்பந்தி வீட்டுக்குப் போன் போய்விட்டது. சம்பந்தி அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டாராம், பிறகு தங்கள் ஜோசியரிடம் கேட்டாராம். ஜோசியர் ஒரு கேள்வி கேட்டு அனுப்பினார். கரைந்துபோனதும் வயிற்றிலேயே போனதும் கணக்கில் வராது. பிறந்து, அழுது, அப்புறம் போயிருந்தால்தான் அது தலைச்சன். அழுததா?

அந்தக் கேள்வியோடு ஞாயிற்றுக்கிழமை காலை சம்பந்தி அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் நேரிலேயே வந்துவிட்டார்கள். நாத்தனார் முன்னாலேயே வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணவர் தறியை விட்டு எழவில்லை. வாங்க என்று சொன்னார், அதுவே பெரிசு. மகள் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள், அவள் கால் விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

சம்பந்தி அம்மா மெதுவாகத்தான் கேட்டார், அதையும் சொல்லவேண்டும். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க அண்ணன பாத்தவ நானு. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பொறந்தப்ப அழுதுச்சா அந்தக் கொழந்த?"

"அழுதுச்சு அழுதுச்சு" என்று நாத்தனார் முந்திக்கொண்டு சொன்னார். "நல்லா வீல்னு அழுதுச்சு."

நான் அவரைப் பார்த்தேன். "வயித்துலயே போயிடுச்சுன்னு எங்கிட்ட சொன்னீங்களே அண்ணி. எது பொய்?"

அவர் முகம் மாறிவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். சம்பந்தி அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணத்துக்காகக் கதை கட்டுகிறோம் என்று அவருக்குத் தோன்றியது அப்பட்டமாகத் தெரிந்தது. யாருக்குத்தான் தோன்றாது? "ஆஸ்பத்திரி சீட்டு எதுனா இருக்குதா?" என்று கேட்டார்.

சீட்டு. என் வயிற்றுக்குச் சீட்டு கேட்டார். எழுந்து போங்கள் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்தக் கதவுக்கடியில் தெரிந்த கால் விரல்கள் என்னைத் தடுத்தன. சொல்லாவிட்டால் கல்யாணம் போகும். சொல்லலாம் என்றாலோ எனக்கு ஒன்றுமே தெரியாது. அழுததா இல்லையா என்று பெற்றவளுக்கே தெரியாது. இந்தக் கேவலத்தை என்னவென்று சொல்வது?

தறிச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"அழுதுச்சு" என்றார் என் கணவர்.

அவர் தறிக்குழியிலிருந்து காலை எடுக்காமலே, பாவு நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அர மணி நேரம் இருந்துச்சு. நர்சம்மா துணியில சுத்தி எங்கையிலதான் குடுத்தாங்க. மொதல்ல அழுதுச்சு. அப்பறம் எம்மூஞ்சியவே பாத்துக்கினு இருந்துச்சு. அப்பறம் இல்ல."

இருபத்தாறு வருஷம். இந்த மனிதர் என் பக்கத்தில் படுத்திருக்கிறார். மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லவில்லை.

"நீங்களும் இப்ப கல்யாணத்துக்காகச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால் புருஷனிடம் அப்படிக் கேட்கக் கூடாதுதான். கேட்டேன். சம்பந்தி அம்மா கேட்க நினைத்ததும் அதைத்தான், நான் கேட்டதால் அவர் கேட்கவில்லை.

அவர் எழுந்தார். முற்றத்துக்குப் போனார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். மதில் ஓரத்தில், சிமெண்ட் முடிகிற இடத்தில், அந்த ஒரு பாய் அகலத்து மண்ணுக்கு முன்னால் நின்றார். நந்தியாவட்டை பூத்திருந்தது.

"இங்கதான்" என்றார். "தலைச்சன் புள்ளய வெளிய பொதைச்சா மந்திரத்துக்கு மை வெக்கிறவங்க தோண்டிக்கினு போயிடுவாங்கன்னு பெரியவங்க சொன்னாங்க. எடத்த யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. பெத்தவகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிடுச்சு. நாப்பது நாளு நான் இங்கயே கட்டில் போட்டுப் படுத்திருந்தேன்."

நான் தாமலிலிருந்து திரும்பி வந்தபோது முற்றத்தில் கயிற்றுக் கட்டில் கிடந்தது. புழுக்கம் தாங்காமல் வெளியே படுக்கிறார் என்று நினைத்தேன். கார்த்திகை மாதத்தில் என்ன புழுக்கம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

சம்பந்தி அம்மா செருப்பை சிமெண்ட் தரையிலேயே கழற்றிவிட்டார். மண்ணை மிதிக்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்தார். "சீட்டு கேட்டேனே, அத மறந்துடுங்கம்மா. உங்க பொண்ணு ரெண்டாவதுதான். வர்ற வெள்ளிக்கிழமையே பூ வெச்சுக்கலாம்" என்றார். அவர் வீட்டுக்காரர் அன்று வாயைத் திறந்தது அப்போதுதான், "ஆமா" என்றார்.

நின்ற கல்யாணம் மறுபடி கூடிற்று. எல்லாருக்கும் சந்தோஷம். நாத்தனார் அன்று மத்தியானம் இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் மட்டும் கைகழுவப் போன இடத்தில் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை நாள், எத்தனை எச்சில் தண்ணீர். என் மேல் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி மாளாது. தெரியாமல் செய்ததுதான். அதனால் என்ன, செய்தது நான்தானே. கணக்கில் சேர்க்காதே என்று சொன்னவர் மேல் அத்தனை கோபம் கொண்டேனே, புதன்கிழமை போனில் தலைச்சன் இவள்தான், முதலில் பிறந்தது இவள்தான் என்று பெருமையடித்துக்கொண்டது யார் வாய்? யாரும் அன்று என்னை மிரட்டவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் என் கணவரோடு நான் பேசவில்லை. அவருக்கு வித்தியாசம் தெரிந்ததா என்பதுகூட எனக்குச் சந்தேகம். சத்தியமாம். அக்காவுக்குச் செய்த சத்தியம் பெரிசு, பெற்றவள் என்ன கிள்ளுக்கீரையா? பதினோராம் நாள் தட்டை வைத்துக்கொண்டே கேட்டேன். "எப்பிடி இருந்துச்சு?"

எது என்று அவர் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒன்னாட்டம்தான். மூக்கு மட்டும் எங்கம்மாவாட்டம்" என்றார். பிறகு, "முடி நெறைய இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் வரவில்லை. அந்த இரண்டு வரியைப் பிடுங்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போயிற்று.

பத்திரிகை அடிக்கப் போனோம், நானும் மகளும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த அம்மா வழக்கமான வாசகத்தையே போட்டுக் காட்டினார். 'எங்கள் மூத்த மகள்' என்று இருந்தது. சம்பந்தி அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார், அவர் சொந்தக்காரர்கள் பத்திரிகையைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், அதனால் இரண்டாவது மகள் என்று போட்டுவிடுங்கள் என்று. அதைச் சொன்னேன். அந்த அம்மா மாற்றிவிட்டு, "மூத்தவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆயிருந்தா மாப்பிள்ளை பேரோட கீழ போட்டுடலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள், "இல்லக்கா. எங்க அக்கா சின்ன வயசுலயே தவறிட்டாங்க."

எங்க அக்கா என்றாள். எத்தனை சுலபமாகச் சொன்னாள். வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில் கேட்டாள், "இத்தன வருஷமா நீ பெரியவ, தம்பிக்கு விட்டுக்குடு, விட்டுக்குடுன்னு என்னை சாவடிச்சியேம்மா. நான் பெரியவளே இல்லியாமே." சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "உங்கப்பனப் போய்க் கேளு" என்று எரிந்து விழுந்தேன்.

முதல் பத்திரிகை சாமிக்கு. அது எங்கள் வழக்கம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதலில் எடுத்த பத்திரிகையைக் கோயிலில் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுப்போம். முதல் நாள் சாயங்காலமே கட்டைப் பிரித்து, மேலே இருந்த முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவி சாமி அலமாரியில் வைத்திருந்தேன். காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அதைக் காணவில்லை. நாத்தனார் ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், கோயிலுக்குச் சேர்ந்து போவதாக ஏற்பாடு. அலமாரி, மேசை, தறி மேல், எல்லா இடமும் தேடினேன். கணவரைக் கேட்கலாம் என்று பின்பக்கம் போனேன்.

முற்றத்தில் அவர் இல்லை. பத்திரிகை இருந்தது. நந்தியாவட்டைக்குக் கீழே, அந்த மண்ணின் மேல் வைத்திருந்தார். பக்கத்தில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம். யாரும் பார்ப்பதற்கு முன்னால் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். விடியற்காலையில் தூறல் போட்டிருந்தது. பத்திரிகை நனைந்து, மஞ்சள் கரைந்து, மூலை சுருண்டு கிடந்தது.

எனக்கு வந்ததே கோபம். இருபத்தாறு வருஷம் காவல் காத்தவருக்கு ஒரு கவர் போட்டு வைக்கத் தெரியாதா? நனையும் என்று தெரியாதா? எந்த வேலையையாவது உருப்படியாகச் செய்திருக்கிறாரா இந்த மனிதர்? திட்டிக்கொண்டே உள்ளே வந்தேன். பத்திரிகைக் கட்டுக்குள்ளிருந்து புதுசாக ஒன்றை எடுத்தேன். நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினேன். புடவை போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்து அதற்குள் வைத்து, தண்ணீர் புகாதபடி வாயை இரண்டு மடிப்பு மடித்தேன். சிமெண்ட் முடிகிற இடத்தில் செருப்பை விட்டுவிட்டு, மண்ணில் மண்டி போட்டு, நனைந்ததை எடுத்துவிட்டுப் புதுசை வைத்தேன். காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு சின்னக் கல் வைத்தேன். இரண்டாவது மகள் என்று அச்சடித்திருந்த வரி கவருக்குள் நன்றாகத் தெரிந்தது.

வாசலில் நாத்தனார் குரல் கேட்டது. "ஏம்மா, ரெடியா? மொத பத்திரிகைக்கு மஞ்சள் தடவியாச்சா? அம்மன்கிட்ட வெக்காம யாருக்கும் குடுத்துடாத."

முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டாமலே எழுந்து போனேன்.

"மொத பத்திரிகை வெச்சாச்சு அண்ணி" என்றேன். "வாங்க, ரெண்டாவதக் கோயிலுக்கு எடுத்துக்கினு போலாம்."